இசைப்படங்களின் தரவரிசையும் கதையில் பாட்டின் இடமும்

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2006ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஹாலிவுட் பௌல் என்னும் திறந்தவெளி அரங்கில், அந்நாட்டின் தலைசிறந்த இசைப்படங்கள் எனத் தான் கருதிய இருபத்தைந்தின் பெயர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. ‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) முதலிடம் பெற்றது. ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ (1961), ‘த விசார்டு ஆஃப் ஆஸ்’ (1939), ‘த சவுண்டு ஆஃப் மியூசிக்’ (1965), ‘காபரே’ (1972) ஆகியன அடுத்தடுத்து நின்றன. இத்தகைய பட்டியல்கள் நாளிதழ்ப் பரபரப்புக்கு உரியனவே அன்றி ஆய்வுக்கு உரியன அல்ல என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், எது சிறந்தது என்னும் வழக்கு எழும்போதெல்லாம், எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினா அதனடியில் கிடக்கிறது. இசைப்படத்தைப் பொறுத்தவரை அவ்வினா, கதைக்குள் பாட்டு என்ன செய்கிறது என்பதாகும். இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருசேர வைத்து எண்ணிப் பழகிய தமிழ்ப் புலமைக்கு இது அயலான வினா அன்று.

‘மியூசிக்கல்’ என ஆங்கிலத்தில் வழங்கும் திரைவகையே ஈண்டு இசைப்படம் எனப்படுகிறது. பாத்திரங்கள் பேச்சை விட்டுப் பாட்டிற்கும் ஆட்டத்திற்கும் செல்வதையே தன் அடிப்படை இயல்பாகக் கொண்ட படம் என அதற்கு இலக்கணம் கூறலாம். அமெரிக்காவில் இது பல திரைவகைகளுள் ஒன்று. இந்தியாவில் பேசும்படம் தோன்றிய நாள்தொட்டுப் பெரும்பாலான படங்கள் பாட்டுடைய படங்களே. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

முதலிடத்தின் வரலாறு

இன்று முதலிடத்தில் வைக்கப்படும் படம் வெளிவந்த காலத்தில் அவ்வாறு மதிக்கப்படவில்லை என்பதை முதலில் நினைவுகொள்ளுதல் வேண்டும். எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஆர்தர் ஃப்ரீடு தலைமையில் இயங்கிய தயாரிப்புக் குழு 1951இல் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ என்னும் படத்தையும், அடுத்த ஆண்டில் ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தையும் அளித்தது. இரண்டிலும் ஜீன் கெல்லியே நாயகர். முன்னது சிறந்த படத்திற்கான ஆஸ்கர் உட்பட ஆறு விருதுகளைப் பெற்றது. பின்னது வணிகத்தில் வெற்றி பெற்றதாயினும், துணைநடிகைக்கும் இசைக்குமாக இரண்டு பரிந்துரைகளோடு நின்றது; ஒரு விருதும் பெறவில்லை. அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான ஐந்து பெயர்களுள் ஒன்றாகக்கூட அது இடம்பெறவில்லை.

பிரித்தானியாவின் ‘சைட் அண்டு சவுண்டு’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கொரு முறை திறனாய்வாளர்களிடம் கருத்துக்கேட்டு உலகின் சிறந்த பத்துப் படங்களை அறிவித்துவருகிறது. 1952, 1962, 1972 ஆகிய மூன்று முறையும் ‘சிங்கிங் இன் த ரெயின்’ அப்பத்தினுள் இல்லை. 1982இல் குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தோடு மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. 1992இல் மறைந்தது, 2002இல் பத்தாம் இடத்தில் தோன்றியது, 2012இல் இருபதாம் இடத்திற்கு இறங்கியது, 2022இல் மீண்டும் பத்தாம் இடம். படம் ஒன்றே, அதில் ஒரு சட்டகமும் மாறவில்லை. மாறியவர்கள் பார்ப்போரும் அவர்களின் அளவுகோல்களுமே.

1974இல் எம்.ஜி.எம். தன் பழைய இசைப்படங்களின் சிறந்த பகுதிகளைத் தொகுத்து ‘தட்ஸ் என்டர்டெயின்மென்ட்’ என்னும் படமாக வெளியிட்டது. அதனைத் தொகைநூல் என்றே கூறலாம். தொகுப்பினுள் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதே பின்வந்த மதிப்பீட்டைப் பெரிதும் தீர்மானித்தது. தொகை நூல்களால் காக்கப்பட்ட சங்கச் செய்யுள்களையும், அவற்றுள் சேராமல் மறைந்திருக்கக்கூடியவற்றையும் எண்ணிப் பார்ப்பவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ‘த விசார்டு ஆஃப் ஆஸ்’ படத்தின் நிலையும் இத்தகையதே. 1939இல் முதல் வெளியீட்டில் தயாரிப்புச் செலவை அது மீட்கவில்லை. சிறந்த படத்திற்கான விருது ‘கான் வித் த விண்ட்’ படத்திற்குச் சென்றது. 1956 நவம்பர் 3ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பியது. அதன்பின்னரே அது ஒவ்வோர் அமெரிக்க வீட்டின் சொத்தாயிற்று. கருப்புவெள்ளைக் கான்சாசிலிருந்து சிறுமி வண்ண உலகினுள் அடியெடுத்து வைக்கும் புகழ்பெற்ற காட்சியை அக்காலத் தொலைக்காட்சி நேயர்களுள் மிகப் பலர் கருப்புவெள்ளையிலேயே கண்டிருப்பர். இருப்பினும் படம் அவர்கள் உள்ளத்தில் நின்றுவிட்டது.

ஒன்றிய பாட்டு என்னும் அளவுகோல்

அமெரிக்க இசைப்படத் திறனாய்வில் நெடுங்காலம் ஆட்சிசெய்த கோட்பாடு ஒன்றுண்டு. பாட்டு கதையோடு ஒன்றியிருத்தல் வேண்டும். பாத்திரத்தின் உணர்வு பேச்சில் அடங்காத நிலையில் பாட்டு பிறத்தல் வேண்டும். பாட்டு முடியும்போது கதை ஓரடியேனும் முன்னே சென்றிருத்தல் வேண்டும் என்பது அது. ரிச்சர்டு ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஆகிய இருவரும் 1943இல் பிராட்வே மேடையில் அரங்கேற்றிய ‘ஓக்லஹோமா’ நாடகம் இக்கோட்பாட்டின் வெற்றிச் சான்றாகக் கருதப்பட்டது. அதற்குப் பின்னர், முந்தைய படங்கள் யாவும் இந்நிலையை நோக்கி நடந்த பயணத்தின் படிகளாகவே வரலாறுகளில் எழுதப்பட்டன.

தமிழில் இக்கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டுத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் உள்ளம் வேறொருத்திமேல் நிற்பதாக மாதவி கொள்கிறாள். தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகிறாள். அவன் அவளைப் பிரிந்து செல்கிறான். வரிப்பாடல்களை நீக்கினால் காப்பியத்தின் திருப்பமே இல்லை. பாட்டு கதையை நகர்த்துவதற்கு இதனினும் வலிய சான்று உலக இலக்கியத்தில் அரிது என்பது என் கருத்து.

திரையில் இவ்வொன்றிப்பு ‘ஓக்லஹோமா’வுக்கு முன்னரே கைகூடியிருந்தது. ரூபன் மமூலியன் இயக்கிய ‘லவ் மீ டுநைட்’ (1932) படத்தில் பாரிஸ் நகரத் தையற்காரர் ஒருவர் தம் கடையில் ஒரு பாட்டைத் தொடங்குகிறார். வாடிக்கையாளர் அதனை முணுமுணுத்தவாறு வெளியேற, வாடகைக் கார் ஓட்டுநர் அதனைப் பற்றிக்கொள்கிறார். காரில் ஏறும் இசையமைப்பாளர் அதனை இரயிலுக்குக் கொண்டுசெல்ல, அங்குப் படைவீரர்கள் பாடுகின்றனர். அவர்களிடமிருந்து நாடோடி ஒருவரின் வயலினுக்குச் சென்று, முடிவில் தொலைவிலுள்ள மாளிகையின் மாடத்தில் நிற்கும் இளவரசியின் நாவை அடைகிறது. ஒருவரையொருவர் கண்டிராத இருவரைப் பாட்டே இணைத்துவிடுகிறது. மேடையில் செய்ய இயலாத, திரைக்கே உரிய அமைப்பு இது. இத்தகைய படம் 2006ஆம் ஆண்டுப் பட்டியலின் இருபத்தைந்தினுள் இல்லை. என் கணிப்பில் அது முதல் ஐந்தினுள் நிற்கத்தக்கது.

அக்கோட்பாட்டிற்குப் பெயர் தந்த ‘ஓக்லஹோமா’வின் திரைவடிவமும் (1955) பட்டியலில் இடம்பெறவில்லை. அதனினும் வியப்பு, முதலிடம் பெற்ற படத்தின் பிறப்பு முறையாகும். பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்னும் எழுத்தாளர் இருவரிடம் ஃப்ரீடு ஒப்படைத்த பணி, தாமும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் முன்னரே இயற்றியிருந்த பாட்டுகளைக் கோத்து ஒரு கதை அமைக்க வேண்டும் என்பதே. படத்தின் தலைப்புப் பாட்டு 1929இலேயே ‘த ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’ படத்தில் இடம்பெற்றது. ஒன்றிரண்டு நீங்கலாக ஏனைய பாட்டுகளும் பழையனவே. எனவே, உணர்விலிருந்து பாட்டுப் பிறந்தது என்னும் விதிக்கு நேர்மாறாக, பாட்டிலிருந்து கதை பிறந்தது. எழுத்தாளர்கள் இருவரும் அப்பாட்டுகள் எழுந்த காலத்தையே, அதாவது மௌனப்படம் பேசும்படமாக மாறிய காலத்தையே, கதைக்களமாக்கிக்கொண்டனர். அதுவே அவர்கள் கண்ட தீர்வு. ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ கெர்ஷ்வின் சகோதரர்களின் முந்தைய பாட்டுகளைக் கொண்டும், ‘த பேண்டு வேகன்’ (1953) டீட்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் முந்தைய பாட்டுகளைக் கொண்டும் இவ்வாறே அமைந்தன. ஒன்றிய பாட்டு என்னும் கோட்பாடு கூறும் பிறப்புமுறைக்கும் அதனால் உயர்த்தப்பட்ட படங்களின் உண்மையான பிறப்புமுறைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

கதைக்குப் புறம்பான பாட்டு படத்தின் உயிராக அமைவதும் உண்டு. 1933ஆம் ஆண்டின் ‘கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் 1933’ படத்தின் நடனங்களை அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. நடனப் பெண்கள் செல்வர்களை மணப்பது பற்றிய இலேசான நகைச்சுவைக் கதை அது. கதைச் சிக்கல்கள் தீர்ந்த நிலையில், முதல் உலகப் போரில் வென்று திரும்பி, பொருளாதார வீழ்ச்சியில் வேலையின்றி உணவுக்கு வரிசையில் நிற்கும் முன்னாள் படைவீரர்களைப் பற்றிய பாட்டுக் காட்சி ஒன்று வருகிறது. அக்காட்சியோடு படம் முடிந்துவிடுகிறது. கதைமாந்தரின் வாழ்வில் அப்பாட்டு எதனையும் மாற்றவில்லை. ஆனால், படத்தை ஒருமுறை பார்த்தவர் நினைவில் நிற்பது அதுவே. ஒன்றிப்பை அளவுகோலாகக் கொண்டால் இது குற்றம். காலத்தின் குரலை அளவுகோலாகக் கொண்டால் இதுவே அப்படத்தின் பெருமை.

வெட்டி எடுக்கத்தக்க பாட்டு

இவ்வளவுகோலின் மற்றொரு பக்கம் இதனினும் கடுமையானது. லீனா ஹார்ன் 1940களில் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கறுப்பினப் பாடகர். ‘தவுசண்ட்ஸ் சியர்’ (1943), ‘டில் த கிளவுட்ஸ் ரோல் பை’ (1946) முதலிய படங்களில் அவர் தனித்து நின்று பாடுவார்; ஏனைய பாத்திரங்களோடு அவருக்கு உரையாடல் பெரும்பாலும் இராது. இதற்குக் கலைக் காரணம் ஏதுமில்லை. இனவொதுக்கல் நிலவிய தென்மாநிலங்களில் திரையரங்கு உரிமையாளர்கள் அவர் தோன்றும் பகுதியை நீக்கிக்கொள்ளவும், நீக்கிய இடம் தெரியாமல் கதை தொடரவும் வேண்டும் என்பதற்காகவே அவை அங்ஙனம் படமாக்கப்பட்டன. பாட்டு கதையோடு ஒன்றாதிருக்க வேண்டும் என்பது அங்கு நிறுவனத்தின் திட்டம்.

பின்வந்த திறனாய்வோ, கதையோடு ஒன்றாத பாட்டினைத் தாழ்ந்தது எனக் கணித்தது. ஆகவே, முதலில் அரங்க உரிமையாளரின் கத்தரிக்கோலுக்கு உள்ளானவர், அடுத்துத் திறனாய்வாளரின் அளவுகோலுக்கும் உள்ளானார். ஹார்ன் முதன்மைப் பாத்திரங்களில் நடித்த ‘கேபின் இன் த ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ ஆகிய இரண்டும் 1943இல் கறுப்பினக் கலைஞர்களை மட்டுமே முதன்மையாகக் கொண்டு வந்தவை. இரண்டாவதில் நிக்கலஸ் சகோதரர்கள் மேசைகள்மீதும் படிக்கட்டுகளிலும் ஆடும் ஆட்டத்திற்கு இணையானது அக்காலத்து இசைப்படங்களில் மிக அரிது. இவ்விரண்டில் ஒன்றும் இருபத்தைந்தினுள் இல்லை. மறுபுறம், ஃப்ரெட் அஸ்டைரின் மிகச்சிறந்த படம் எனப் பலர் கருதும் ‘ஸ்விங் டைம்’ (1936), அவர் முகத்தில் கரிபூசி ஆடும் ஒரு காட்சியைக் கொண்டிருக்கிறது. அஸ்டைரின் ஆட்டத்தை முழுவுருவில், நீண்ட ஒரே ஓட்டமாகப் படமாக்கிய அப்படத்தின் அழகை மறுக்க இயலாது. அக்காட்சியைக் காணாததுபோல் கடக்கவும் இயலாது. எது சிறந்தது என்னும் வழக்கில் இன்று இவ்விரு கூற்றுகளும் அருகருகே வைத்தே பேசப்படுகின்றன. அது வேண்டற்பாலது.

இரவல் குரல்

தமிழ் வாசகர்க்கு மிக அணுக்கமான செய்தி குரல் பற்றியது. ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தின் கதையே பின்னணிக் குரலைப் பற்றியதுதான். மௌனப்பட நாயகி லீனா லமான்டின் குரல் பேசும்படத்திற்கு ஒவ்வாதது. ஆகவே, கேத்தி என்னும் இளம்பெண் மறைவில் நின்று அவளுக்காகப் பேசிப் பாடுகிறாள். முடிவில் மேடைத் திரை விலக்கப்பட்டு, குரலுக்கு உரியவள் வெளிப்படுகிறாள். இரவல் குரலால் வாழ்ந்தவள் அவையோர் நகைப்புக்கு ஆளாகி ஓடுகிறாள். உடலும் குரலும் ஒருவருடையனவாகவே இருத்தல் வேண்டும், அன்றேல் அது ஏமாற்று என்பது படத்தின் நீதி.

படம் தயாரான முறை அந்நீதியைப் பொருட்படுத்தவில்லை. கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ், லீனாவுக்காகப் பாடும் பாட்டில் ஒலிப்பது பெட்டி நாய்ஸ் என்னும் வேறொரு பாடகியின் குரல். கேத்தி லீனாவுக்காக வசனம் பேசும் இடத்தில் ஒலிப்பதோ, லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். அதாவது, குரல் கெட்டவளாக நடித்தவரின் நல்ல குரலே, அவளுக்குக் குரல் கொடுப்பவளின் குரலாக அமைந்தது.

2006ஆம் ஆண்டுப் பட்டியலை இந்நோக்கில் மீண்டும் பார்க்கலாம். இரண்டாம் இடம் பெற்ற ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’யில் நட்டாலி வுட்டுக்கும், எட்டாம் இடம் பெற்ற ‘மை ஃபேர் லேடி’யில் (1964) ஆட்ரி ஹெப்பர்னுக்கும், பதினோராம் இடம் பெற்ற ‘த கிங் அண்டு ஐ’யில் (1956) டெபோரா கெர்ருக்கும் பாடியவர் மார்னி நிக்சன் என்னும் ஒருவரே. மூன்றிலும் திரையில் அவர் பெயர் இல்லை. ‘த சவுண்டு ஆஃப் மியூசிக்’ படத்தில் கன்னியர் மடத்துத் துறவி ஒருவராகத் தோன்றியபோதுதான் பொதுமக்கள் அவர் முகத்தைத் திரையில் கண்டனர். ‘மை ஃபேர் லேடி’ எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற ஆண்டில், அதன் நாயகிக்குச் சிறந்த நடிகைக்கான பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. மேடையில் அதே வேடத்தை ஏற்றிருந்தும் படத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஜூலி ஆண்ட்ரூஸ், சொந்தக் குரலில் பாடிய ‘மேரி பாப்பின்ஸ்’ படத்திற்காக அவ்வாண்டு விருது பெற்றார். இரவல் குரலின்மீது அமெரிக்கர்க்கு இருந்த ஐயுறவின் அளவை இது காட்டும்.

இந்தியத் திரை இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் 1935இல் நிதின் போஸ் இயக்கத்தில் ‘பாக்ய சக்ரா’ என வங்காளியிலும் ‘தூப் சாவ்ன்’ என இந்தியிலும் எடுத்த படத்தில் பின்னணிப் பாடல்முறை கையாளப்பட்டது. தமிழில் ஏ.வி.எம். தயாரித்த ‘நந்தகுமார்’ (1938) இம்முறைக்கு முன்னோடி என்பர். 1945இன் ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகி ருக்மிணியின் பாட்டு மெய்யப்பனுக்கு மனநிறைவு தரவில்லை; பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து அக்குரல் படத்தில் பொருத்தப்பட்டது. ‘சிங்கிங் இன் த ரெயின்’ கதை ஏழாண்டு முன்னதாகவே தமிழ்த்திரையில் நிகழ்ந்துவிட்டது எனலாம். ஒரே வேறுபாடு, இங்கு அதனை எவரும் ஏமாற்றாகக் கருதவில்லை. சில ஆண்டுகளில் பின்னணிப் பாடகர் பெயர்கள் நடிகர் பெயர்களுக்கு இணையாகப் புகழ் பெற்றன. டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் அவரவர்க்கேற்பக் குரலை மாற்றிப் பாடியதை மக்கள் அறிந்தே சுவைத்தனர். ஒருவர் உடலும் மற்றொருவர் குரலும் கூடி ஒரு பாத்திரமாவதை ஏற்கும் மனநிலை, நம் கூத்து மரபிலும் பாவைக்கூத்திலும் பின்பாட்டு மரபிலும் முன்னரே இருந்ததால் இது எளிதாயிற்று என நான் கருதுகிறேன்.

தமிழ்ப் படத்தை எவ்வாறு அளப்பது

இந்நிலையில், தமிழின் தலைசிறந்த இசைப்படம் எது என வினவினால் விடை கூறுவது கடினம். எல்லாப் படங்களிலும் பாட்டு உண்டு என்பதால் இசைப்படம் என்னும் தனிவகையே இங்கு இல்லை என்பர் ஒருசாரார். அதனாலேயே எல்லாப் படங்களும் இசைப்படங்களே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அமெரிக்க வகைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுந்த கூற்றுகள். பாட்டின் எண்ணிக்கையும் வழிகாட்டாது. 1932இல் மதன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘இந்திரசபா’ என்னும் உருது, இந்திப் படத்தில் எழுபதளவில் பாட்டுகள் இருந்தன, எம்.கே.தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் (1934) ஐம்பதளவில் இருந்தன. பார்சி நாடகமும் தமிழ்ச் சங்கீத நாடகமும் திரைக்குத் தந்த சீதனம் அது.

தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. பம்பாயில் இம்பீரியல் நிறுவனத்தில் எச்.எம்.ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி.பி.ராஜலட்சுமி நடித்துப் பாடினார். வடமொழிப் புலவன் கதையில் தியாகராசர் கீர்த்தனையும் காந்தியடிகளைப் போற்றும் பாட்டும் இடம்பெற்றன. ஒன்றிய பாட்டு என்னும் விதிப்படி இது நகைப்புக்கு உரியது. ஆனால், விடுதலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், திரையரங்கின் இருளில் தமிழில் ஒலித்த அப்பாட்டு என்ன செய்திருக்கும் என்பதை, படைவீரர் பற்றிய பெர்க்லியின் காட்சியை அறிந்தவர் எளிதில் உணர்வர். கதையிலிருந்து விலகி நின்றே பாட்டு தன் காலத்தோடு ஒன்றியது.

அடுத்து ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளியில் வெளியாகிச் சென்னைப் பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கினார். பாபநாசம் சிவன் பாட்டுகள் இயற்றினார். பாகவதர் சொந்தக் குரலில் பாடினார். சிற்றின்பத்தில் மூழ்கியவன் பெற்றோரைப் புறக்கணித்து, பின் திருந்தி அடியவனாகும் கதையில், செருக்கு நிலையின் பாட்டும் அழுகை நிலையின் பாட்டும் பத்தி நிலையின் பாட்டும் நாயகனின் மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டுகின்றன. ஒன்றிப்பு, சொந்தக் குரல் ஆகிய அமெரிக்க அளவுகோல்கள் இரண்டிற்குமே இது ஈடுகொடுக்கும். இப்படத்தைத் தமிழின் முதல் வரிசையில் வைப்பதில் எனக்குத் தடையில்லை. ஆயின், அவ்வளவுகோல்களுக்கு ஈடுகொடுப்பதால் மட்டும் அதனை முதலில் வைத்தால், ‘காளிதாஸ்’ போன்றவற்றை அதே காரணத்தால் கீழே தள்ள நேரும் என்பதே என் தயக்கம். ஹாலிவுட் அளவுகோலே தமிழ்ப்படத்திற்கு முற்றிலும் பொருந்தாது எனக் கூறவும் இயலாது. கலிபோர்னியாவில் திரைக்கலை கற்று 1935இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர்.டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாமலே ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) ஆகியவற்றை இயக்கினார். பாகவதரும் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் பாடும்போது ஒளிப்படக்கருவி எங்கு நிற்க வேண்டும் என்பதைத் தமிழ்த்திரை அவரிடமிருந்து பெரிதும் கற்றது.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. இந்தியாவின் முதற் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வின் (1931) நிலையும் அதுவே. முப்பதுகளின் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அமெரிக்கர் தம் படங்களைப் பார்த்துவிட்டு வழக்காடுகின்றனர். நாம் பார்க்க இயலாத படங்களைப் பற்றியே வழக்காட வேண்டியுள்ளது. எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகளும் திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் ஆகும். சு.தியடோர் பாஸ்கரன் தம் ஆய்வுகளில் இப்பாட்டுப் புத்தகங்களை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தி வழிகாட்டியுள்ளார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இவை திரட்டி வைக்கப்பட்டுள்ளன. அச்சிறு புத்தகங்கள் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு கூறிவிடுவது வழக்கம். படம் அழிந்தபின் அம்மீதியை அறிய வழியில்லை.

எனினும், பாட்டுகளின் முழுப்பாடம், பல இடங்களில் இராகம், மெட்டு, பாடும் பாத்திரத்தின் பெயர், சிலவற்றில் பாட்டு நிகழும் சூழல் ஆகியன அவற்றில் உள்ளன. பதிப்புப் பணியில் தேர்ந்த தமிழ்த் துறைகள் ஓலைச்சுவடிகளுக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கினை இவற்றிற்குக் காட்டினால், கதையோடு ஒன்றிய பாட்டு எது, கதையை நிறுத்திவிட்டுக் காலத்தோடு பேசிய பாட்டு எது, கச்சேரியாகவே நின்ற பாட்டு எது என ஒவ்வொரு படத்திற்கும் பகுத்துக்காட்ட இயலும். அப்பகுப்பினை 1931 முதல் 1947 வரையிலான படங்களுக்கு முதலில் செய்யலாம். மலிவான தாளில் அச்சிடப்பட்ட அவை பல தனியார் சேகரிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. மடிப்பில் ஒடிந்து வருகின்றன. நாற்பதுகளின் படங்களை அரங்கில் கண்டு, எந்தப் பாட்டிற்கு அவை எழுந்து ஆரவாரித்தது எனக் கூறவல்ல முதியோரும் ஒரு சிலரே உள்ளனர்.